இரண்டாம் கை

பிரேக் பிடிக்கும்போது வண்டி நடுங்கினால் பலரும் பயந்துவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை ஐயா. நடுக்கம் எங்கே வருகிறது என்று கொஞ்சம் கவனித்தால் போதும். ஸ்டியரிங்கில், அதாவது கையில் வந்தால், முன் சக்கரங்களில் ஏதோ கோளாறு. இருக்கையில், இடுப்புக்குக் கீழே வந்தால், பின்பக்கம். மிதிக்கிற காலில் மட்டும் துடித்தால் பிரேக் கவ்வுகிற வட்டத் தகடு, அதாவது டிஸ்க், ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் தேய்ந்தும் இருக்கிறது. இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உங்கள் அலுவலக வண்டியும் நடுங்குகிறது என்று வாசலில் உங்கள் டிரைவர் சொன்னார். இடது முன் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் துரு படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அதுதான். காத்திருக்கிற நேரத்தில் ஒருவருக்கு உபகாரமாக இருக்கட்டுமே என்றுதான்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன். என் சகலை இறந்துபோன விபத்தைப் பற்றி உங்கள் வாகன ஆய்வாளர் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். ஓட்டியவருக்குக் கை நடுக்க நோய் இருந்தது, இறக்கத்து வளைவில் கட்டுப்பாட்டை இழந்து பாலத்துச் சுவரில் மோதினார், மோதிய வேகத்தில் இடது முன் சக்கரம் பிய்ந்துகொண்டு போனது என்று அதில் இருக்கிறது. எங்கள் மாமனாருக்குப் பொடி எழுத்து வாசிக்க முடியாததால் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அது தவறான அறிக்கை. தவறு என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

கார் பட்டறை எங்கள் மாமனாருடையது. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். பத்தொன்பது வருடமாக அந்தப் பட்டறையில் இருக்கிறேன். இளையவளைக் கட்டியவர் ஏழு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார். வாடிக்கையாளர்கள் என்னைப் பெரியவர் என்பார்கள், அவரைச் சின்னவர் என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சகலை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஏழு வருடத்தில் எங்களுக்குள் ஒரு சத்தம் வந்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி நடுங்குகிறது என்று வந்தாலும் இரண்டு பேர் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்டிவிட்டு இறங்கி என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும், அடுத்தவரும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "ரெண்டு கையும் ஒரே மாதிரி சொன்னாத்தான் சாமான் மாத்தணும். இல்லன்னா வண்டியை அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க. நம்ம கை தப்பாச் சொல்லி ஒருத்தர் வீணா புது டிஸ்க் வாங்கக் கூடாது," என்பார். நேர்மையான மனிதர். இதற்கென்று நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டம். ஒன்றின் தலையில் முதல் கை என்று இருக்கும், மற்றதில் இரண்டாம் கை. உங்கள் மேசையில் இருக்கிறதே, அதே புத்தகம்தான்.

பன்னிரண்டு வருடம் முதல் கை நான். மாமா இரண்டாம் கை. பிறகு சின்னவர் வந்தார்.

அவருடைய கையைப் பற்றி நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்டியரிங்கை மூன்று விரலால்தான் பிடிப்பார், நாடி பார்க்கிற மாதிரி. தெருக்கோடி வரைக்கும் போய், இரண்டு தடவை பிரேக்கை அழுத்திவிட்டு, இறங்கும்போதே எந்தச் சக்கரம் என்று சொல்லிவிடுவார். நான் சக்கரத்தைக் கழற்றி, டயல் வைத்து, டிஸ்க்கைச் சுற்றி அளந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் வரும். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நான் அளந்து பார்த்ததால் எனக்குத் தெரியும்.

ஒரு பல் டாக்டர் எங்களுக்கு நீண்ட நாள் வாடிக்கை. தமாஷான மனிதர். ஒரு நாள் வந்து, "நான் வாயைத் திறன்னு சொன்னா ஊரே திறக்குது, என் வண்டி மட்டும் என்ன கோளாறுன்னு வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார்.

சின்னவர், "நடுக்கம் கையில வருதா, காலுல வருதா, இடுப்புல வருதா சார்?" என்று கேட்டார்.

"யோவ், எனக்கு வைத்தியம் பார்க்கிறியா, வண்டிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, வலது முன்பக்கம், டிஸ்க் இல்லை, அதைப் பிடிக்கிற சாமான் இறுகிப்போய்ச் சிக்கியிருக்கிறது என்றார். அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு பல் டாக்டர் வந்தால் வாசலில் நின்றே, "சின்னவர் இருக்காரா?" என்று கேட்பார். நான் அவருக்கு எதிரே, கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருப்பேன். "இருக்காரு சார், உட்காருங்க" என்பேன்.

மாமாவும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவர். வாடிக்கையாளர்கள் முன்னால், "பெரிய மாப்பிள்ளைக்குக் கை இரும்பு, அடிக்கிற வேலையெல்லாம் அவர்கிட்ட விடு. சின்ன மாப்பிள்ளைக்குக் கை பஞ்சு, தொட்டுப் பார்க்கிற வேலை அவருக்கு" என்பார். சொல்லிவிட்டு என் முதுகில் செல்லமாகத் தட்டுவார். அந்த வருடமே முதல் கை கட்டத்தில் சின்னவர் எழுத ஆரம்பித்தார். யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் புத்தகம் அவர் பக்கம் திரும்பி இருந்தது, அவ்வளவுதான்.

என் மனைவி ஒரு தடவை, "ஏங்க, என் ஸ்கூட்டர்ல ஏதோ கிரீச்சுன்னு சத்தம் வருது. தங்கச்சி வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தா ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்களேன்" என்றாள். நான் சரி என்றேன். சொல்லவும் சொன்னேன்.

எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கடவுள் பயம் உள்ளவன். தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் பட்டறை ஷட்டரைத் தூக்குவேன். சகலை நன்றாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வேன். அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் வேறு சில பழக்கங்கள் இருந்தன. யாருடைய வண்டியை ஓட்டிப் பார்த்தாலும், இறங்குவதற்கு முன்னால் சீட்டையும் கண்ணாடியையும் வண்டிக்காரர் வைத்திருந்தபடியே திருப்பி வைப்பார். பின் சீட்டில் ஏதாவது குழந்தையின் பொம்மை கீழே விழுந்து கிடந்தால் எடுத்துத் தூசி தட்டி வைப்பார். வாசலில் காத்திருக்கிறவர் யாராக இருந்தாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். இன்னொன்றும் செய்வார். அவர் கண்டுபிடித்த கோளாறுகளில் மூன்றில் ஒன்றை, முதல் கை கட்டத்தில் என் பெயருக்கு எழுதிவைப்பார். மாமா வாரக் கடைசியில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்கும் நல்ல பேர் கிடைக்கட்டும் என்று.

எனக்குத் தெரியாமல் செய்வதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பாருங்கள், தெரியும். நான் எழுதுவதைவிட அவருடைய எழுத்தில் என் பெயர் அழகாக இருக்கும்.

மற்ற எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இது தொடங்கியது சென்ற வருடம், ஒரு தலைமையாசிரியையின் வெள்ளைக் காரில். சின்னவர் ஓட்டிவிட்டு வந்து, "இடது முன்னாடி, ரொம்ப லேசா வருது சகலை. வேகம் குறையறப்ப மட்டும்" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இருபது வருடம் சுத்தியல் பிடித்த கை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே சகலை" என்றேன்.

அவர் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி, விரலை விரித்து, ஏதோ புதுப் பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. "அப்படியா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இதைவிட நேர்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு கையும் ஒத்துப்போகாததால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அந்த அம்மாவைக் கோளாறோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. சின்னவர் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போன நேரத்தில் அந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்குக்குப் பின்னால் ஊசி முனை அளவு துரு. சுரண்டித் துடைத்துவிட்டு, திரும்ப மாட்டி, நட்டுகளைச் சரியான அளவுக்கு முறுக்கி வைத்தேன். சின்னவர் வந்ததும், "எதுக்கும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்களேன் சகலை" என்றேன். ஓட்டிவிட்டு வந்தார். முகம் சரியாக இல்லை. "இப்ப வரல" என்றார்.

"பரவாயில்ல விடுங்க. தூக்கம் சரியா இல்லன்னா கை இப்படித்தான் ஏதாவது சொல்லும்."

அன்றைக்கு அந்த ஆசிரியைக்கு நல்லது நடந்தது. அவருடைய வண்டி சரியாகிவிட்டது. புத்தகத்தில் முதல் கைக்கு நேரே அவர் எழுதியதை அவரே அடித்திருக்கிறார், பாருங்கள். அதுதான் முதல் அடித்தல்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தபோதும் தெரியவில்லை என்றேன். எல்லா வண்டிக்கும் இல்லை. ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவர் இல்லாத நேரத்தில் வண்டியைச் சரிசெய்துவிடுவேன். எந்த வண்டியும் எங்கள் பட்டறையிலிருந்து கோளாறோடு போகவில்லை. கேட்காமலே செய்த வேலை, பெயர் வராத வேலை. அப்படிப்பட்ட வேலையைத்தான் கடவுள் கணக்கில் வைப்பார் என்று நான் நம்பினேன்.

நான்கு மாதத்தில் அவர் மூன்று விரலால் பிடிப்பதை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். அப்படிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. இறுக்கிப் பிடிக்கிற கை தன்னைத்தான் உணரும். அதையும் நான் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மாமாவிடம் நான் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. அவராகத்தான் கேட்டார். "என்ன பெரிய மாப்பிள்ளை, சின்னவர் புத்தகத்துல அடிச்சு அடிச்சு எழுதுறாரு?"

"பாவம் மாமா. கை கொஞ்சம் நடுங்குது போல. அவர்கிட்ட கேட்டுடாதீங்க, சங்கடப்படுவாரு."

இதைவிடப் பக்குவமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. மாமா அன்றே அவரிடம் கேட்டுவிட்டார். அன்று மாலையே என் கொழுந்தியாள், அதாவது அவருடைய மனைவி, வீட்டுக்கு ஓடிவந்தாள். "அத்தான், அவருக்கு என்ன? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்க" என்று அழுதாள். நான்தான் ஆறுதல் சொன்னேன். டாக்டரிடம் நானே கூட்டிப்போவதாகவும் சொன்னேன்.

கூட்டிப்போனேன். டாக்டர் அவரை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் அசையவே இல்லை. டாக்டர், "நல்லாத்தானே இருக்கு?" என்றார். சின்னவருடைய முகம் தெளிந்து வந்தது. அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வந்தா நின்னுடுது டாக்டர்," என்றேன். "வண்டியில உட்கார்ந்தாத்தான். வெட்கப்பட்டுக்கிட்டு அவரே சொல்ல மாட்டாரு."

"அப்படியா?" என்று டாக்டர் அவரைப் பார்த்தார்.

சின்னவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. நன்றிதான் இருந்தது. "ஆமா டாக்டர். சகலை சொல்றது சரிதான். இவர் இல்லன்னா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அறிக்கையோடு இணைத்திருக்கிறீர்களே, அந்தச் சீட்டுதான். அதில் நோய் என்று எங்கும் எழுதவில்லை. கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

பிறகு, உண்மையாகவே அவருடைய கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். நட்டு கை தவறி விழும். அதை நான் செய்யவில்லை. பயம் செய்தது. அப்போதும் வாசலில் காத்திருக்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவதை அவர் விடவில்லை. பாதி சிந்திவிடும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி போய் நிறைத்துக்கொண்டு வருவார்.

ஓட்டிப் பார்ப்பது முழுவதும் என்னிடம் வந்தது. முதல் கை நான். இரண்டாம் கைக்கு மாமா தட்டுத்தடுமாறி வந்து உட்காருவார். சின்னவர் வண்டி துடைத்தார், சாமான்களை அடுக்கினார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. "நல்ல காலம் சகலை, நீங்க இருக்கீங்க. இல்லன்னா இந்தப் பட்டறை என்ன ஆகியிருக்கும்?" என்று அவரே சொன்னார். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் பல் டாக்டர் வந்தால் அப்போதும், "சின்னவருக்கு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். என்னைக் கேட்டு அவர் வந்ததே இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போக வேண்டிய நாள். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமாவின் காரில் நான் ஓட்டிக்கொண்டு அவரையும் கொழுந்தியாளையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்தக் காருக்கு அன்று காலைதான் முன்பக்கம் இரண்டு டிஸ்க்கும் மாற்றினேன். வலது பக்கத்தை முடித்துவிட்டேன். இடது சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டையும் கையால் ஏற்றினேன். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிய பிறகுதான் அளவு காட்டும் ஸ்பேனரை வைத்து முழுசாக முறுக்க வேண்டும். இறக்கினேன். ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

அந்த நேரத்தில் வாசலில் பல் டாக்டரின் வண்டி வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "பெரியவர் இருக்காரா?" என்றார்.

ஏழு வருடத்தில் முதல் தடவை ஐயா. நான் ஸ்பேனரை மேசையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மறுபடி நடுக்கமாம். "நீங்களே பார்த்துடுங்க, வேற யாரையும் நம்ப முடியல" என்றார். ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னேன்.

திரும்பி வந்து மாமாவின் காரைக் கொட்டகையிலிருந்து வாசலுக்கு எடுத்தேன். வாசலில் பிரேக் பிடித்தபோது கைக்கு வந்தது. புது டிஸ்க்கில் வரக் கூடாத நடுக்கம், கூடவே மெல்லிசாக ஒரு தட்டல். இடது முன் சக்கரம். நட்டு. என் கைக்கு அவ்வளவு தெளிவாக எப்போதும் எதுவும் வந்ததில்லை.

கொழுந்தியாள் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் இறங்கி, "நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க சகலை. பக்கம்தானே" என்றேன்.

"நானா?"

"அவங்க கூட இருக்காங்களே. மெதுவாப் போங்க."

அவர் உட்கார்ந்தார். வாசலிலிருந்து தெருவோரம் நாற்பதடி இருக்கும். நாற்பதடி போய் நிறுத்தினார். நான்கு மாதமாக இல்லாத மாதிரி, மூன்று விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். "சகலை, இடது முன்னாடி. லேசா ஒரு தட்டல். நட்டு மாதிரி இருக்கு" என்றார்.

கொட்டகையிலிருந்து வாசல் வரைக்கும் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மாத்திரையையும் சாப்பிட்டுவிட்டு வந்த அவருடைய பயந்துபோன கைக்கு நாற்பதடி போதுமாக இருந்தது.

இரண்டாம் கை பார்க்க வேண்டும் அல்லவா? அவர் இறங்கினார். இறங்குவதற்கு முன்னால், எனக்குக் கால் நீளம் என்று சீட்டைப் பின்னால் தள்ளிவைத்தார். நான் உட்கார்ந்து அதே நாற்பதடியை ஓட்டினேன். பிரேக் பிடித்தேன். வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சகலை" என்றேன்.

அவர் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பிறகு, "எதுக்கும் ஒரு தடவை ஸ்பேனரை வச்சுப் பார்த்துடட்டுமா?" என்றார்.

"தாராளமாப் பாருங்க. என் வேலை மேல சந்தேகம்னா பார்த்துடறதுதான் நல்லது."

பல் டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அதைச் சின்னவரும் கவனித்தார். "சேச்சே, என்ன சகலை இப்படிச் சொல்றீங்க? நீங்க முறுக்கினதை நான் பார்க்கிறதா? என் கைதான். எனக்குத் தெரியாதா?" என்றார். நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தக் கூடாது என்று நினைத்தார். அவர் அப்படிச் சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமாக அவரைப் பார்க்கிறேனே.

உள்ளே போய்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தார். வழக்கத்தை விடக் கூடாது என்று. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். முதல் கை: 'என் கை நடுக்கம். வண்டியில் கோளாறு இல்லை.' இரண்டாம் கைக்கு நேரே நான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை வைத்துத்தான் ஆய்வாளர் நோய் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

வண்டி கிளம்பிப் போனது. ஸ்பேனர் மேசை மேல் இருந்தது. போன் பண்ணியிருக்கலாம்தான். ஆனால் பல் டாக்டர் தன் வண்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்திவிட்டுப் போனை எடுப்பது மரியாதையாக இருக்காது. அவருக்கும் முன்பக்கம்தான் கோளாறு. நான் சரியாகச் சொல்லிவிட்டேன். "பேஷ்" என்றார்.

இறக்கம் தொடங்குகிற இடம் எங்கள் பட்டறையிலிருந்து நான்கு கிலோமீட்டர்.

ஆஸ்பத்திரியில் கொழுந்தியாளைப் பார்க்க நான்தான் முதலில் போனேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கட்டு. "வழியெல்லாம் நடுங்குதுன்னு சொன்னாரு அத்தான். நிறுத்துங்கன்னு சொன்னேன். 'இல்ல, சகலை பார்த்துட்டாரு, வண்டியில ஒண்ணும் இல்ல, இது என் கை'ன்னு சொல்லிக்கிட்டே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினாரு. கை சரியில்லாத மனுஷனை ஓட்ட விட்டுட்டு நான் பக்கத்துல பேசாம உட்கார்ந்திருந்தேனே. நான்தான் அவரைக் கொன்னுட்டேன்" என்றாள்.

"அப்படியெல்லாம் நினைக்காதேம்மா. யார் மேலயும் தப்பு இல்ல" என்றேன். அவளுடைய தலையணையைச் சரிசெய்தேன். தண்ணீர் கொடுத்தேன். மூன்று வாரமாகத் தினமும் போய்வருகிறேன். தினமும் அவள் அதையே சொல்கிறாள், நானும் அதையே சொல்கிறேன்.

இப்போது நான் வந்த காரியம். பிய்ந்துபோன அந்தச் சக்கரம் உங்கள் காவல் நிலையத்துப் பின்புறம் கிடக்கிறது. வெளியே காத்திருந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நட்டு நுழைகிற ஐந்து துளையும் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருக்கின்றன. சுவரில் ஒரு தடவை மோதினால் துளை அப்படி ஆகாது. நட்டு தளர்ந்து, சக்கரம் ஆடி ஆடி, நான்கைந்து கிலோமீட்டர் ஓடினால்தான் ஆகும். உங்கள் ஆய்வாளர் மூன்று வாரமாக அதைத் தாண்டித்தான் நடந்து போயிருக்கிறார், பார்க்கவில்லை. நான் பார்த்தவுடனே சொல்லிவிட்டேன். சக்கரம் பிய்ந்ததால்தான் வண்டி மோதியது. மோதியதால் பிய்ந்ததில்லை. இதை அறிக்கையில் திருத்த வேண்டும்.

சின்னவருடைய கையில் ஒரு குறையும் இருந்ததில்லை என்றும் எழுதுங்கள். நட்டுகளை முறுக்காமல் விட்டது நான். அது தெரிந்தே அனுப்பியது நான். அவருடைய கையை அவரே நம்பாதபடி எட்டு மாதம் செய்ததும் நான். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை.

ஒரே ஒரு விஷயம். அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்தும்போது, முதல் கை என்ற கட்டத்தில் என் பெயரை எழுத வேண்டும். அவர் நாற்பதடியில் சொன்னார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே, கொட்டகையிலிருந்து வாசலுக்கு எடுத்தபோதே, எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு அந்த நடுக்கத்தை முதலில் கண்டுபிடித்தவன் நான். யாரும் எனக்காக இரக்கப்பட்டு எழுதிவைத்தது இல்லை. அது சரியாகப் பதிவாக வேண்டும். மாமாவுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

எழுத்து கோணலாக விழுகிறது, மன்னிக்க வேண்டும். இல்லை ஐயா, தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. என் கை இரும்பு, மாமாவே சொல்லியிருக்கிறார். இந்த மேசைதான் ஆடுகிறது. ஒரு கால் குட்டையாக இருக்கும், அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். சந்தேகமாக இருந்தால் நீங்களும் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்களேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையா?